ஒரு புண்கூட இல்லாத மருத்துவமனை

பதினான்கு வருடம் வார்டில் நின்றே பழகியவளுக்கு நாற்காலி ஒத்துக்கொள்ளவில்லை. சுகாதாரத் துறையின் கொள்கைப் பிரிவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இன்னமும் கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் அவள் கால்கள் மேசைக்கு அடியில் தாளம் போட ஆரம்பித்துவிடும். நர்ஸிங் படிக்கும்போதே அவளுக்குச் சக்கரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிகிறவள் என்பதன் சுருக்கம். அலுவலகத்தில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

அவளை இந்த அலுவலகத்துக்குக் கொண்டுவந்தது கையுறைதான். அவள் வேலை பார்த்த மருத்துவமனைக்குப் பெரிய அளவுக் கையுறை மட்டுமே வந்துகொண்டிருந்தது. சின்னக் கைக்காரிகளுக்கு விரல் நுனி தொளதொளவென்று தொங்கும், நரம்பு தட்டுப்படாது, ஊசி தவறும். எல்லாரும் புலம்பினார்கள். சக்கரம் இரண்டு வாரம் சாப்பாட்டு நேரத்தில் இஞ்ச் டேப்போடு சுற்றி, அறுபத்திரண்டு நர்ஸுகளின் உள்ளங்கையை அளந்து, அட்டவணை போட்டு மேலே அனுப்பினாள். ஆறு மாதம் கழித்து மூன்று அளவுகளில் கையுறை வந்தது. அதன் பின்னாலேயே, இப்படி அளந்து எழுதுகிற ஆள் எங்களுக்கு வேண்டும் என்று துறையிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. "கை ரேகை பார்த்துச் சம்பாதிக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். கையை அளந்து உத்தியோகம் வாங்கினது நீ ஒருத்திதான்" என்றான் அவள் கணவன்.

அந்தத் திங்கட்கிழமை கூட்டத்தில் இயக்குநர் நல்ல குஷியில் இருந்தார். அவர் சாலைத் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஒழுங்கான மனிதர், கோபக்காரர் இல்லை, ஆனால் எதையும் எண்ணிக்கையாகச் சொன்னால்தான் காது கொடுப்பார். அவர் முன்னால் இருபத்தேழு மருத்துவமனைகளின் காலாண்டு அறிக்கை இருந்தது. அதில் படுக்கைப்புண் என்று ஒரு கட்டம். அசைய முடியாமல் ஒரே பக்கமாகக் கிடக்கிறவர்களுக்கு இடுப்பிலும் குதிகாலிலும் தோல் செத்து வருகிற புண். எல்லா மருத்துவமனையிலும் நான்கு, ஏழு, பதினொன்று என்று ஏதாவது ஓர் எண் இருந்தது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பெரிய மருத்துவமனையில் மட்டும் பூஜ்யம். தொடர்ந்து மூன்றாவது காலாண்டாகப் பூஜ்யம்.

"அறுநூறு படுக்கை. ஒரு புண்கூட இல்ல," என்றார் இயக்குநர். "அங்க கண்காணிப்பாளர் என்ன செஞ்சார் தெரியுமா? புண் வந்தா அந்த வார்டு ஹெட் சிஸ்டருக்கு மெமோ, எழுத்துல விளக்கம் குடுக்கணும். அந்த வருஷம் பதவி உயர்வு கிடையாது. அவ்ளோதான். இதையே எல்லா இடத்துக்கும் சர்க்குலரா அனுப்பிடலாம். அமைச்சர் அடுத்த மாசம் மேடையில சொல்றதுக்கும் ஒரு விஷயம் ஆச்சு. நீங்கதான் டிராஃப்ட் போடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

சக்கரத்தின் கால் நின்றது.

"பூஜ்யம் இருக்க முடியாது சார்."

"ஏன்?"

"அறுநூறு பேர்ல நூறு பேராவது தானா திரும்ப முடியாதவங்க இருப்பாங்க. எவ்ளோ நல்லாப் பார்த்தாலும் ரெண்டு மூணு பேருக்காவது வரும். எங்க வார்டுலயே வந்திருக்கு."

"உங்க வார்டுல வந்துச்சுங்கறதால எல்லா இடத்துலயும் வரணும்னு இருக்கா?" இயக்குநர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். "ஆதாரம் இருக்கா?"

"இல்ல சார். பழக்கம்."

"பழக்கத்தை வெச்சு சர்க்குலர் போட முடியாதே, சிஸ்டர்."

சிஸ்டர் என்று அவர் எப்போதாவதுதான் கூப்பிடுவார். ஒரு வாதம் முடிந்துவிட்டது என்று காட்ட வேண்டியிருக்கும்போது.

அன்று முழுவதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து 'பொருள்' என்று எழுதுவாள், எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பாள், தண்ணீர் குடிப்பாள், வந்து 'பொருள்' என்பதை அழிப்பாள். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அறிக்கையைத் தயாரித்த புள்ளிவிவரக்காரர் கதவோரம் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர். ஏழாவது தடவை அவள் கடந்துபோனபோது கண்ணாடியைக் கழற்றினார்.

"தரை தேயுதும்மா. உக்காருங்க."

அவள் உட்காராமலேயே கேட்டாள். "அந்த ஆஸ்பத்திரி ஸ்டோர்லேர்ந்து கட்டுத்துணி எவ்ளோ போயிருக்குன்னு பார்க்க முடியுமா?"

அவர் பார்த்தார். அரை மணி நேரம் ஆனது. புண் குறைந்து பூஜ்யமான அதே ஒன்பது மாதத்தில் பொது வார்டுகளுக்குப் போன கட்டுத்துணி ஒன்றரை மடங்கு ஏறியிருந்தது.

"புண்ணே இல்லாத ஊர்ல யாருக்குக் கட்டு?" என்றார் புள்ளிவிவரக்காரர். பிறகு அவரே, "ஆனா இது ஆதாரம் ஆகாதும்மா. வேற எதுக்கோன்னு சொல்லிடுவாங்க. போய்ப் பார்த்தாத்தான் உண்டு" என்றார்.

வீட்டில் அவள் கணவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன். மூட்டிய அடுப்பை மறந்துவிட்டு அவள் கூடத்தில் நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தான்.

"அந்த ஆஸ்பத்திரியிலதான உன் கூடப் படிச்சவங்க இருக்காங்க? மேஸ்திரி?"

"ஆமா. பொம்பளைங்க பொது வார்டுல ஹெட் சிஸ்டர்."

"நீ போய்ப் பார்த்து, புண் இருந்துச்சுன்னா, யார் மாட்டுவாங்க?"

அவள் நடப்பதை நிறுத்தினாள். அது அவளுக்குக் காலையிலிருந்தே தெரியும். இன்னொருவர் வாயால் கேட்கும்வரை தள்ளி வைத்திருந்தாள்.

மேஸ்திரி என்பதும் பட்டப்பெயர்தான். விடுதியில் யார் எந்த நேரம் குளிக்க வேண்டும், யார் யாருக்கு நோட்ஸ் எழுதித் தர வேண்டும் என்று பதினெட்டு வயதிலேயே வேலை பிரித்துக் கொடுத்தவள். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் உருவிப் போட்டு மறுபடி விரிக்க வைப்பாள். "சுருக்கம் உனக்குத் துணி. அவங்களுக்குக் கத்தி" என்பாள். படிப்பு முடிந்த பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை பார்த்துக்கொள்வார்கள். போனில் பேசினால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

புதன்கிழமை காலை ஏழரைக்கு, ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் சக்கரம் அந்த வார்டு வாசலில் நின்றாள். ஆய்வுக் கடிதம் எதுவும் வாங்கவில்லை. மேஸ்திரி அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தாள். ஒரு கணம் கழித்து அந்த மலர்ச்சி கொஞ்சம் பின்வாங்கியது.

"சக்கரம், நீ என்ன இந்தப் பக்கம்? சும்மாவா, ஆபீஸ் விஷயமாவா?"

"சும்மாதான்" என்றாள் சக்கரம். பொய் சொல்லும்போது அவள் காது சிவக்கும். மேஸ்திரி அந்தக் காதைப் பார்த்தாள். "சரி வா. டீ குடி. குடிச்சிட்டு ஒரு கை குடு, ஆள் பத்தல."

நாற்பத்தெட்டு படுக்கை போட்ட வார்டில் அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். மிச்சப் பதினைந்து பேருக்கு நடுவழியில் மடக்குக் கட்டில். நர்ஸுகள் மூன்று பேர். ஒருத்தி மருந்து டிராலியோடு ஓடிக்கொண்டிருந்தாள், ஒருத்தி டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாள், ஒருத்தி போனில் எக்ஸ்ரே அறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சக்கரம் கையைக் கழுவி, சின்ன அளவுக் கையுறையை மாட்டிக்கொண்டாள். இரண்டு மூன்று கட்டில் தாண்டும்போதே அவளுக்கு அந்த வாசனை வந்துவிட்டது. மருந்து வாடைக்கு அடியில், லேசாக, இனிப்பும் அழுகலுமாக. பழகிய மூக்குக்கு மட்டும் தெரிகிற வாசனை.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தையல்கார அம்மா கிடந்தாள். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வலப்பக்கம் முழுதும் செயலற்றுப்போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. பேச்சும் போய்விட்டது, கண் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவள் மகள் ஸ்டூலில் தூங்கி வழிந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, திருப்பப் போறோம், பயப்படாதீங்க" என்றாள் மேஸ்திரி. "ஒன்னு, ரெண்டு, மூணு."

இடுப்புக்குக் கீழே கட்டுப் போட்டிருந்தது. மேஸ்திரி அதைப் பிரித்தாள். உள்ளங்கை அகலத்துக்குப் புண். சக்கரம் அதைப் பார்த்த பார்வையில் இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் தெரிந்தது. ஒன்று, இது மூன்று வாரத்துப் புண். இன்னொன்று, இதற்குப் போட்டிருந்த கட்டு அவள் பார்த்தவற்றிலேயே சுத்தமான கட்டு. ஓரமெல்லாம் ஆறத் தொடங்கியிருந்தது. இந்த வார்டில், இந்த ஆள் பலத்தில், இப்படி ஒரு புண்ணைக் காப்பாற்றி வைத்திருப்பது சாதாரண விஷயமில்லை.

மேஸ்திரி கழுவி, மருந்து வைத்து, புதுக் கட்டுப் போட்டாள். சக்கரம் தலைமாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டை எடுத்தாள். அதில் 'ஈரத்தால் தோல் சிவப்பு' என்று மட்டும் எழுதியிருந்தது, படுக்கைப்புண் என்ற சொல்லே இல்லை.

மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் மேஸ்திரி சொன்னாள். "நீ எதையும் பார்க்கல."

"பார்த்துட்டேனே."

"எந்த ஆளாப் பார்த்த? சிஸ்டராவா, ஆபீஸராவா?"

அந்தச் சின்ன அறையில் அலமாரிக்கும் கதவுக்கும் நடுவே நாலடி இருந்தது. அந்த நாலடியில் சக்கரம் நடந்தாள். "ஏன்டி ஏர் பெட் கேக்கல? அந்த அம்மாவுக்கு முதல் வாரமே குடுத்திருந்தா இவ்ளோ ஆகியிருக்காது." காற்று நிரப்பிய அந்த மெத்தையில் படுத்தால் ஒரே இடத்தில் அழுத்தம் விழாது.

"கேட்டேனே. போன காலாண்டுல புண் எத்தனை எழுதினீங்களோ அந்தக் கணக்குக்குத்தான் ஏர் பெட்டுன்னு மேலேர்ந்து உத்தரவு. நாங்க பூஜ்யம் எழுதினோம். பூஜ்யம் பெட் வந்துச்சு." மேஸ்திரி கைகளைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தாள். "யாரோ ஆபீஸ்ல உக்காந்து ரொம்ப யோசிச்சு எழுதியிருக்காங்க."

அந்த உத்தரவை எழுதியது சக்கரம்தான். தேவை அதிகம் உள்ள இடத்துக்கு அதிகம் போகட்டும் என்று நினைத்து எழுதியது. அப்போது அவள் இயக்குநரிடம் பாராட்டுக்கூட வாங்கினாள்.

"நான்தான்" என்றாள்.

"தெரியும். கீழ உன் கையெழுத்து இருந்துச்சு. அதனாலதான் போன்ல கேக்கல." மேஸ்திரியின் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "மெமோ உத்தரவு வந்த முதல் மாசம் ஒரு பொண்ணு உள்ளதை உள்ளபடி எழுதினா. கண்காணிப்பாளர் எல்லார் முன்னாலயும் நிக்க வெச்சுக் கேட்டார். அவ வேலையையே விட்டுட்டா. அதுக்கப்புறம் யார் எழுதுவா? எனக்கு அடுத்த மாசம் பதவி உயர்வு லிஸ்ட் வருது. பதினேழு வருஷம் கழிச்சு."

பிறகு அவள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் படுக்கை எண், தேதி, உடம்பில் எந்த இடம், எத்தனை சென்டிமீட்டர், எந்தக் கட்டு. ஒன்பது மாதத்தில் அந்த வார்டில் மட்டும் இருபத்து மூன்று புண்கள். ஆறியது எது, ஆறாமல் போனது எது என்று ஓரத்தில் குறித்திருந்தாள்.

சக்கரம் கை நீட்டினாள். மேஸ்திரி நோட்டை மூடி, மறுபடி அடித்தட்டில் வைத்து, மேலே காலி மருந்துப் பெட்டியை அடுக்கினாள்.

"இது வெளிய போகாது."

"சரி" என்றாள் சக்கரம்.

அன்று மத்தியானமும் மறுநாள் விடியற்காலையும் உட்கார்ந்து அவள் ஒரு டிராஃப்ட் எழுதினாள். இயக்குநர் கேட்டதற்கு நேர் எதிரானது. புண்ணை எழுதியதற்காக யாருக்கும் மெமோ கூடாது. ஏர் பெட்டைப் புண் எண்ணிக்கைக்குக் கொடுக்காமல், தானாகத் திரும்ப முடியாதவர்கள் எத்தனை பேரோ அத்தனைக்குக் கொடுக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை, ஒரே நாளில், எல்லா மருத்துவமனையிலும் படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் திருப்பிப் பார்த்து எண்ண வேண்டும். அந்தந்த மருத்துவமனை ஆட்கள் எண்ணக் கூடாது, வேறு மருத்துவமனையிலிருந்து வரும் நர்ஸுகள் எண்ண வேண்டும். வார்டின் பெயரோ ஆளின் பெயரோ எழுதக் கூடாது.

வியாழக்கிழமை இயக்குநர் அதைப் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"நான் கேட்டது இது இல்லையே."

"தெரியும் சார்."

"உங்களுக்கு உங்க ஆளுங்க மேல பாசம். புரியுது. ஆனா பயம் இல்லைன்னா யாரும் வேலை செய்ய மாட்டாங்க."

சக்கரம் நின்றுகொண்டே இருந்தாள். "சார், திங்கக்கிழமை கூட்டம் ஐம்பது நிமிஷம் நடந்துச்சு. நீங்க நாற்காலியில முப்பத்தெட்டு தடவை நகர்ந்தீங்க. கால் மாத்திப் போட்டது, சாய்ஞ்சது, முதுகை நிமித்தினது எல்லாம் சேர்த்து."

"அதை எதுக்கு எண்ணினீங்க?"

"எண்ணணும்னு எண்ணல. பதினாலு வருஷமா மூச்சு, நாடி, டிரிப்ஸ் சொட்டுன்னு எண்ணின கண்ணு, அது பாட்டுக்கு எண்ணும். உங்களுக்கு ஏன் புண் வரலைன்னா நீங்க நகர்றீங்க. நகர முடியாதவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை யாராவது நகர்த்தணும். அறுபத்து மூணு பேருக்கு மூணு சிஸ்டர் இருந்தா எந்தப் பயம் வந்து அந்த அம்மாவைத் திருப்பிப் போடும்?"

சொல்லி முடித்த நொடியிலேயே அவளுக்குத் தன் தவறு தெரிந்துவிட்டது. இயக்குநர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"அறுபத்து மூணு பேர், மூணு சிஸ்டர். அந்த அம்மா. எந்த வார்டு இது?"

"சொல்ல மாட்டேன் சார்."

"அனுமதி இல்லாம அங்க போயிருக்கீங்க."

"நேத்து போனேன்."

"புண் பார்த்தீங்க."

அவர் போனை எடுத்து, அவள் எதிரிலேயே கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நேற்று உங்கள் மருத்துவமனையில் எந்த வார்டில் அறுபத்து மூன்று பேர்? சாலைத் துறைக்காரருக்கு எண் கிடைத்தால் போதும். சக்கரம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் மேஸ்திரியின் போன் வந்தது.

"மெமோ வந்துடுச்சு. மூணு நாள்ல விளக்கம்."

"சத்தியமா நான் வார்டு பேரைச் சொல்லல."

"தெரியும். அறுபத்து மூணுன்னு சொன்னியாம். எங்க வார்டோட பேரே இப்ப அதுதான்டி. நான் உனக்கு டீ குடுத்தேன். கை பத்தலைன்னு கூட நின்ன. எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

வைத்துவிட்டாள். சக்கரம் திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. வீட்டில் அவள் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். அவள் கணவன், அவள் இடித்துக்கொள்ளாமல் இருக்கச் சாப்பாட்டு மேசை நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்தி வைத்தான். "என்னால இப்ப ஒன்னுமே பண்ண முடியல" என்றாள். "இப்ப முடியாது. நாளைக்குக் காலையில அந்த மெமோவுக்கு உன் பேர்லயும் ஒரு விளக்கம் எழுது" என்றான். அவள் எழுதினாள். தவறு என்னுடையது, தவறான விதியும் என்னுடையது என்று ஒரு பக்கம்.

அதைக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு மேஸ்திரியே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள், டூட்டி உடையில். சக்கரம் ஓடிப்போய் எதிரே நின்றாள்.

"உங்க டைரக்டர் ரூம் எதுங்க மேடம்?" என்றாள் மேஸ்திரி.

இருபது வருடத்தில் ஒரு தடவைகூட அவள் சக்கரத்தை நீங்க என்று சொன்னதில்லை. சக்கரம் கையைக் காட்டினாள். பின்னாலேயே போனாள்.

மேஸ்திரி அந்த நீள நோட்டை இயக்குநர் மேசையில் வைத்தாள். "விளக்கம் கேட்டிருந்தீங்க. இதான்."

இயக்குநர் முதல் பக்கத்தைச் சாதாரணமாகத்தான் திறந்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கால் மணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதை எழுதச் சொல்லி யாரும் கேக்கலையே. எதுக்கு எழுதினீங்க?"

"நேத்தைவிடப் புண்ணு பெருசா, சின்னதான்னு தெரியாம எப்படி சார் கட்டுப் போடறது?"

"அப்ப மாசா மாசம் ஃபாரத்துல பூஜ்யம்?"

"ஃபாரம் உங்களுக்கு. நோட்டு நோயாளிக்கு."

இயக்குநர் நோட்டை மூடவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, யாரிடமும் இல்லாததுபோல் பேசினார். "ரோட்டுல குழின்னு எழுதின இஞ்சினியர்களை நாங்க மாத்தி விட்டோம். மறு வருஷம் மாவட்டம் பூரா ஒரு குழி இல்ல. நானே கையெழுத்துப் போட்டேன். என் கார் அதே ரோட்டுலதான் போச்சு." பிறகு சக்கரத்தைப் பார்த்து, "உங்க டிராஃப்டைக் குடுங்க" என்றார்.

அடுத்த ஆறு வாரம் சக்கரம் வீட்டில் இருந்த நேரம் குறைவு. இருபத்தேழு மருத்துவமனைகளிலிருந்து நர்ஸுகளைத் திரட்டி, யார் எங்கே போக வேண்டும் என்று பிரித்து, ஒரு பக்கத்தில் அடங்குகிற மாதிரி ஒரு ஃபாரம் தயாரித்தாள். எண்ணிக்கை நாளன்று மத்தியானத்திலிருந்தே எண்கள் வரத் தொடங்கின. புள்ளிவிவரக்காரர் கூட்டிக்கொண்டே போனார். கடைசிக் காலாண்டில் எல்லா மருத்துவமனையும் சேர்ந்து எழுதியிருந்தது நூற்றுப் பன்னிரண்டு. ஒரே நாளில் திருப்பிப் பார்த்ததில் அறுநூற்று நாற்பத்தொன்று. பூஜ்ய மருத்துவமனையில் ஐம்பத்தெட்டு.

பத்திரிகைகள் விடவில்லை. ஒரே காலாண்டில் படுக்கைப்புண் ஆறு மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். அமைச்சர் இயக்குநரைக் கூப்பிட்டு அனுப்பினார். போய்விட்டு வந்த இயக்குநர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு சொன்னது ஒன்றுதான். "இருந்தது தப்பா, எண்ணினது தப்பான்னு கேட்டேன். பதில் வரல. வர்றதுக்குள்ள சர்க்குலரை அனுப்பிடுங்க." சக்கரம் அன்றே அனுப்பினாள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் போன் போட்டு வந்துவிட்டதா என்று கேட்டாள். எட்டு மாதம் கழித்து இயக்குநரை மீன்வளத்துக்கு மாற்றினார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. சர்க்குலர் மாறவில்லை.

ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த மருத்துவமனைக்கு நாற்பது ஏர் பெட் போனது. மேஸ்திரியின் வார்டுக்கு இரண்டு நர்ஸுகள் கூடுதலாகக் கிடைத்தார்கள். தையல்கார அம்மா புதுப் படுக்கையில் ஒன்றரை மாதம் இருந்து, புண் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கிய பிறகு வீட்டுக்குப் போனாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எப்படித் திருப்ப வேண்டும் என்று மகள் கற்றுக்கொண்டு போனாளாம். இதெல்லாம் அந்த வார்டிலிருந்த வேறொரு நர்ஸ் சொல்லித்தான் சக்கரத்துக்குத் தெரியும்.

மேஸ்திரிக்குக் கொடுத்த மெமோவை ரத்து செய்துவிட்டார்கள். ஆனால் பதவி உயர்வு லிஸ்ட் வந்த நாளில் அது ரத்தாகியிருக்கவில்லை. அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது. அடுத்த லிஸ்ட் இரண்டு வருடம் கழித்து. சக்கரம் நேரில் போய் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாள். "டூட்டியில இருக்கேங்க" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி நகர்ந்துவிட்டாள். கடிதம் எழுதினாள், பதில் இல்லை. சர்க்குலரில் நல்லது நடந்திருக்கிறது என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் சக்கரம் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவாள்.

இரண்டாவது எண்ணிக்கை நாள் முடிந்த மறுவாரம், ஒரு மத்தியானம், அவள் போன் அடித்தது. மேஸ்திரி.

"உன் ஃபாரத்துல எட்டாவது கேள்வி சுத்தத் தப்பு."

வணக்கமும் இல்லை, நலமா என்பதும் இல்லை. ஆனால் 'உன்' என்று சொன்னாள். சக்கரம் எழுந்து நின்றுவிட்டாள்.

"எது, கடைசியாத் திருப்பிப் படுக்க வெச்ச நேரமா?"

"அதேதான். நேரம் கேட்டா என்ன எழுதுவாங்க? ஃபாரத்தைக் கையில எடுத்த நேரத்துலேர்ந்து ஒன்றரை மணி நேரத்தைக் கழிச்சு ஒன்னு எழுதுவாங்க. நானே எழுதியிருக்கேன். வேற ஆஸ்பத்திரிக்குப் போய் எண்ணினப்ப எனக்கும் அப்படித்தான் எழுதிக் காட்டினாங்க. நேரத்தைக் கேக்காத. காலையில எந்தப் பக்கம், மத்தியானம் எந்தப் பக்கம்னு கேளு. அந்த மகளோ புருஷனோ பக்கத்துலதான உக்காந்திருக்காங்க, அவங்களைக் கேட்டா தெரிஞ்சுடும், திருப்பினாங்களா இல்லையான்னு."

சக்கரம் மேசையில் கிடந்த ஏதோ ஒரு கவரின் பின்பக்கத்தில் எழுதினாள். மேஸ்திரி அதட்டலாக, வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். குதிகாலுக்குத் தனிக் கட்டம் வேண்டும். கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது, தொட்டுச் சூடு பார்க்கச் சொல்லி எழுத வேண்டும். புள்ளிவிவரக்காரர் கதவோரத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவளைப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டே எழுதுகிறாள், வராந்தாவுக்குப் போகவில்லை.

கவர் நிரம்பியது. இன்னொன்றைத் தேடிக்கொண்டே சக்கரம் கேட்டாள். "நீ எப்படி இருக்க?"

"ஒன்பதாவது கேள்வி இன்னும் முடியல. அதை எழுது முதல்ல."